புதுப்பிப்பு: ஆர்வி-7 முன்பக்க மேல் தகடு கடைசியில்தான்

நான் கட்டிக்கொண்டிருக்கும் ஆர்வி-7 (கிட்டாக வாங்கி நாமே கட்டும் சிறு விமானம்) உடற்பகுதியின் முன்பக்க மேல் தகட்டை இப்போதே ரிவெட் அடித்து மூடிவிடலாமா என்று போன பதிவில் கேட்டிருந்தேன். வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. மூடிவிட்டால் கருவிப் பலகைக்குப் பின்னால் கை போகாது. காக்பிட்டுக்குள் மல்லாந்து படுத்து ஒவ்வொரு வயராகத் துழாவ வேண்டும். அதனால் இப்போதைக்குக் கிளீக்கோ (ரிவெட் துளையில் மாட்டித் தகட்டைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் கவ்வி) போட்டு நிறுத்தியிருக்கிறேன். பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், வயரிங் எல்லாம் முடிந்து, பேட்டரி கொடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் ரிவெட்.

கேனப்பி (காக்பிட்டை மூடும் கண்ணாடி போன்ற அக்ரிலிக் கூடு) வேலையை மட்டும் முன்கூட்டியே எடுத்துக்கொண்டேன். அக்ரிலிக் குளிரில் விறைப்பாகிவிடும், வெட்டும்போது சட்டென்று விரிசல் விடும். வெயில் காலத்திலேயே அதை முடித்துவிட வேண்டும். கேனப்பியின் சட்டம் (பிரேம்) பொருந்துகிறதா என்று பார்க்க, மேல் தகடு கிளீக்கோவில் நின்றாலே போதும். சரி, அடுத்து பிரேக் குழாய்.