மூணாவது செட்டில் தொடைத்தசை சிக்னல் இறங்குது: சோர்வா, சென்சாரா?

பாம்பன் பிசியோ:
தங்கச்சிமடத்தில் கபடிப் பையன்களுக்குப் பயிற்சி நேரத்தில் வெளித்தொடைத் தசையில் இஎம்ஜி (தசை வேலை செய்யும்போது வர்ற மின் சிக்னல்) எடுக்கிறேன். ஒட்டுற ஜெல் எலக்ட்ரோடு, சின்ன போர்டு, லேப்டாப். இடம் கடற்கரை மணல். முதல் செட் பஸ்கியில் அலை சுத்தமா வருது. மூணாவது செட்டில் பையனுக்குக் கால் நடுங்குது, அலையின் உயரத்தைக் காட்டுற எண்ணோ பாதிக்கு வந்துடுது. குதிச்சா முள்முள்ளா எகிறுது. ஒரே பையனுக்கு நேத்து எண்ணும் இன்னைக்கு எண்ணும் ஒட்டவே இல்லை. எதை நம்புறது?

மதுரை லேப்காரன்:
தம்பி, பளு மாறாம பஸ்கி போட்டுத் தசை களைச்சா அலையின் உயரம் பெரும்பாலும் கூடும். களைச்ச நாருக்குத் துணையா உடம்பு புது நார்களை வேலைக்கு இழுக்கும். உங்களுக்கு இறங்குதுன்னா முதல் சந்தேகம் வியர்வை மேலதான். ரெண்டு எலக்ட்ரோடுக்கும் உள்ள வித்தியாசம்தான் சிக்னல். நடுவில் உப்புத்தண்ணி பாலம் போட்டுட்டா அந்த வித்தியாசம் சுருங்கிடும். பாலம் பாம்பனோட இருக்கட்டும், தொடையில வேணாம்.

சோதிக்க ஒரு வழி: செட் முடிஞ்ச கையோட, எலக்ட்ரோடைக் கிளப்பாம இடைவெளியை மட்டும் துணியால ஒத்தி எடுத்துட்டு உடனே ரெண்டு பஸ்கி போடச் சொல்லுங்க. எண் சட்டுன்னு ஏறினா வியர்வை. அதுக்குள்ள தசை தெளிஞ்சிருக்காது.

ஒட்டும்போது முடியை மழிச்சு, ஸ்பிரிட்டால துடைச்சு, நல்லா காயவிட்டு, நிழல்லயே ஒட்டிடணும். இடத்துக்கு ஐரோப்பாவின் செனியாம் வழிமுறையைப் பாருங்க: இடுப்பின் முன்னெலும்பு முனையிலிருந்து முழங்கால் சில்லின் வெளிப்பக்கம் வரை கோடு, அதில் மூணில் ரெண்டு பங்கு கீழே. நார் ஓடுற திசையில், நடுவுக்கு நடு 20 மி.மீ. பேனாவால குறி வச்சுட்டா மறுநாளும் அதே இடம்.

தொண்டி எலக்ட்ரானிக்ஸ்:
அந்த முள்ளு கேபிள் ஆட்டம். கடக்காத்து வேற அடிக்கும். ரெண்டு வயரையும் முறுக்கி, கொஞ்சம் தளர்வு விட்டுத் தொடையோட டேப் போடுங்க. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினா ஆட்டத்தில் பெரும்பகுதி போயிடும். குதிச்சு இறங்குற அதிர்ச்சி முழுசாப் போகாது, அந்த நொடியைத் தனியாப் பாருங்க. 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சலுக்கு நாட்ச் ஃபில்டர் (அந்த ஒரு அலைவரிசையை மட்டும் வெட்டுறது) போட்டுத் தப்பிக்காதீங்க, தசை சிக்னலும் அங்கேதான் இருக்கு. லேப்டாப் சார்ஜரைக் கழட்டிட்டு பேட்டரியில ஓட்டுங்க. பையன் உடம்புக்கும் அதுதான் பாதுகாப்பு.

பாம்பன் பிசியோ:
அண்ணே, போர்டு வழவழப்பாக்கின கோட்டைத்தான் தருது. அதிலேயே ஃபில்டர் போடலாமா?

தொண்டி எலக்ட்ரானிக்ஸ்:
முடியாது. அதில் முள்ளும் தசையும் ஏற்கனவே கலந்தாச்சு. வழவழப்பாக்காத மூல சிக்னலைத் தர்ற ரா அவுட்புட் பின் போர்டுல இருக்கான்னு பாருங்க. இருந்தா நொடிக்கு 1000 அளவீட்டுக்குக் குறையாம எடுங்க.

மதுரை லேப்காரன்:
நேத்தையும் இன்னைக்கையும் மைக்ரோவோல்ட்ல ஒப்பிடவே கூடாது. தினமும் பயிற்சிக்கு முன்னாடி கணுக்காலைப் பெல்ட்டால கட்டி, முழு பலத்தோட முழங்காலை நீட்டச் சொல்லுங்க. சில நொடி போதும், ஓய்வு விட்டு மறுபடி. அதில் அதிகமானதை நூறு சதவீதமா வச்சு மத்ததைக் கணக்கிடுங்க.

பாம்பன் பிசியோ:
ஒத்தி எடுத்துப் பார்த்தேன், ஏறிடுச்சு. ஒருத்தனுக்கு மட்டும் ஏறலை.

மதுரை லேப்காரன்:
அவனுக்கு எலக்ட்ரோடு ஓரம் கிளம்பியிருக்கான்னு பாருங்க. கிளம்பியிருந்தா அழுத்தி ஒட்டாதீங்க, புதுசு போட்டு நூறு சதவீதத்தையும் திரும்ப எடுங்க.