வாலைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மாதம் ஓட்டிவிட்டேன்

ஜிம்மி வீடு:

எங்கள் ஜிம்மிக்கு 7 வயது, நம் ஊரில் பொமரேனியன் என்று சொல்கிற வெள்ளை ஸ்பிட்ஸ் நாய். ராத்திரி விளக்கை அணைத்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து சளக் சளக் என்று சத்தம் வரும். பின்பக்கத்தை நக்கிக்கொண்டிருப்பான். "டேய்" என்று ஒரு அதட்டல் போட்டால் இரண்டு நிமிடம் அடங்குவான், அப்புறம் மறுபடியும் சளக். அம்மா பார்த்த மாத்திரத்தில் "வயிற்றில் பூச்சி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். சரி என்று கடையில் பூச்சி மாத்திரை வாங்கி வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தேன். ஒன்றும் மாறவில்லை.

தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் ஹாலில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இவன் நடுவில் வந்து உட்கார்ந்தான், பின்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டான், முன்னங்காலால் உடம்பை இழுத்துக்கொண்டு மொசைக் தரையில் வாசல் வரைக்கும் தேய்த்துக்கொண்டே போனான். அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரண்டு நாள் கழித்து சோபா உறையில் காப்பிக்கறை மாதிரி ஒரு சொட்டு. முகர்ந்து பார்த்தது என் தப்பு. மீன் கழுவின தண்ணீரை மூன்று நாள் மூடி வைத்தால் வருமே, அந்த நாற்றம்.

நாய் டாக்டர் நான் சொன்ன கதை எதையும் கேட்கவில்லை, நேராக வாலைத் தூக்கினார். ஆசனவாயைக் கடிகார முகம் என்று நினைத்துக்கொண்டால் 4 மணிக்கும் 8 மணிக்கும் தோலுக்கு அடியில் பக்கத்துக்கு ஒரு சின்னப் பை இருக்குமாம். நாய்கள் ஒன்றையொன்று பின்னால் மோந்து பார்ப்பதும் பெரிதும் இந்த வாசனைக்காகத்தானாம். மலம் கெட்டியாக வெளியே வரும்போது அந்தப் பைகள் நசுங்கி, உள்ளே இருப்பது தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துவிடும். என் வீட்டில் பால்சோறும் பிஸ்கட்டும் தின்று எப்போதும் இளகலாகவே போகிற நாய்க்கு அது எப்படி வடியும்? கையுறை போட்டு, வழவழப்புக்குக் களிம்பு தடவி, ஒரு விரலை உள்ளே விட்டுக் கட்டைவிரலால் வெளியிலிருந்து மெதுவாக அழுத்தினார். தண்ணீர் மாதிரி வரவேண்டியது பற்பசை மாதிரி பழுப்பாக வந்தது. ஜிம்மி ஒரு முறை கீச்சென்றான். அன்று ராத்திரி கட்டிலுக்கு அடியில் சத்தமே இல்லை.

8 கிலோ இருக்கவேண்டிய உடம்பு 11 இருந்தது. பால் கட். வேகவைத்த மஞ்சள் பூசணியை மசித்துச் சோற்றில் இரண்டு ஸ்பூன். மாதாமாதம் அழுத்திவிடலாமா என்று கேட்டேன், தொந்தரவு இல்லாதபோது போய்ப் பிதுக்கினால் அந்த இடம் புண்ணாகும் என்று டாக்டர் தடுத்துவிட்டார்.

தோப்புக்காரன்:

உங்கள் அம்மா சொன்னது எங்கள் வீட்டில் சரியாக இருந்தது. தோப்பில் ஒரு நாட்டுநாய், பெயர் கருப்பன். நக்கல் என்றால் அப்படி நக்கல். படுக்கும் சாக்கில் அரிசி சிந்தியிருக்கிறதே என்று குனிந்தால் அதில் ஒன்று நெளிகிறது. நாடாப்புழுவின் துண்டுகளாம், காய்ந்தால் எள்ளு மாதிரி ஆகிவிடும். நான் முதலில் கொடுத்த மாத்திரை உருண்டைப்புழுவுக்கானது, நாடாப்புழுவுக்கு அது வேலை செய்யாது, பிராசிகுவான்டெல் இருக்கிற மாத்திரைதான் வேண்டும். அதையும் கொடுத்தேன், நின்றது, மூன்று வாரத்தில் திரும்ப வந்தது. ஏனென்றால் புழு வருவது தெள்ளுப்பூச்சி வழியாக. அரிக்கிற இடத்தைக் கடிக்கும்போது நாய் தெள்ளை விழுங்கிவிடுகிறது, தெள்ளுக்குள் புழுவின் குஞ்சு. சாக்கை எரித்து, கொட்டகையைக் கழுவி, தெள்ளுக்கு மருந்து போட்ட பிறகுதான் விட்டது. வால் தொடங்குகிற இடத்தில் முடி கொட்டியிருந்தால் முதலில் தெள்ளைத் தேடுங்கள்.

சிட்டு அப்பா:

நான் உங்களைவிட மோசம். எங்கள் டாஷண்ட் பத்து நாளாக நக்கியது, நாய் என்றால் நக்கும்தானே என்று விட்டுவிட்டேன். ஒரு காலையில் ஆசனவாய்க்குப் பக்கத்தில் ஓட்டை, ரத்தமும் சீழும். தெருப்பையன் எவனோ கல்லால் அடித்துவிட்டான் என்று கீழ்வீட்டில் போய்ச் சண்டையே போட்டேன்! பை சீழ் கட்டி உடைந்திருக்கிறது. வலிக்கிறதே என்று நாம் போடுகிற ஐபுப்ரோஃபென் மாத்திரையில் பாதியைக் கொடுக்கப் போனேன், மருந்துக்கடைத் தம்பிதான் நாய்க்கு அது விஷம் சார் என்று தடுத்தான். டாக்டர் கழுவிவிட்டு ஆன்டிபயாடிக் கொடுத்தார். நக்காமல் இருக்கக் கழுத்துக்குப் புனல் கேட்டால் அந்த அளவில் இல்லை, பெயின்ட் டப்பாவின் அடியை வெட்டி மாட்டினேன். இரண்டு வாரம் அந்த டப்பாவோடு வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் இடித்துக்கொண்டு திரிந்தது. கீழ்வீட்டுக்காரர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

வேளச்சேரி அக்கா:

பெண் நாய் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள். எங்கள் லாப்ரடாருக்கு 8 வயது, கருத்தடை செய்யவில்லை. ஹீட், அதாவது இணைசேரும் பருவம், வரும்போது நக்குவாள், இரண்டு மூன்று வாரத்தில் சரியாகிவிடும், அது பழகிப்போனது. இந்த முறை ஹீட் முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் நக்கினாள். உற்றுப் பார்த்தால் ஆசனவாயை இல்லை, அதற்குக் கீழே, பிறப்புறுப்பை. ஒரு நாளைக்கு நாலு கிண்ணம் தண்ணீர் குடித்தாள், சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை, படுத்த இடத்தில் சிவப்பும் மஞ்சளுமாகக் கறை. ஸ்கேனில் கர்ப்பப்பை முழுக்கச் சீழ். அன்று ராத்திரியே அறுவை சிகிச்சை. எடுத்த கர்ப்பப்பையைத் தட்டில் வைத்துக் காட்டினார்கள், கொழுத்த சுரைக்காய் கணக்கில் இருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், மீதியைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. இப்போது நன்றாக இருக்கிறாள், மோர்சோறு தின்கிறாள்.

பக் வளர்ப்பவன்:

எங்கள் பக் நாயின் கதை சின்னது. பின்பக்கம் மட்டும் இல்லை, பாதம், காது எல்லாம் அரிப்பு, வருடம் முழுக்க. உணவு ஒவ்வாமையாக இருக்கலாம், இதுவரை தின்னாத ஒரு கறியை மட்டும் 8 வாரம் கொடுங்கள் என்றார்கள். கோழி நிறுத்தி வாத்துக்கறி ஆரம்பித்தோம். ஐந்து வாரத்தில் அடங்கியது. ஆறாவது வாரம் மறுபடி நக்கல், விசாரித்தால் மாமனார் தினம் சாயங்காலம் திண்ணையில் வைத்து சிக்கன் பக்கோடா ஊட்டியிருக்கிறார்.

ஜிம்மி வீடு:

அக்கா, இதைப் படித்துவிட்டுப் பக்கத்து வீட்டு ஸ்வீட்டி தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது என்று போய்க் கேட்டுவிட்டு வந்தேன், அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஜிம்மி இப்போது 9 கிலோ. பூசணியை மட்டும் தனியாக ஒதுக்கிவிட்டுச் சோற்றைத் தின்னக் கற்றுக்கொண்டிருக்கிறான்.