நாடிழந்த ஷாவைக் கொன்றது புற்றுநோயா, அதை மறைத்த ரகசியமா?

ஏட்டுப்புழு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஷா என்று அழைக்கப்பட்ட, ஈரானின் கடைசி மன்னர் முகமது ரேசா பஹ்லவியைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். அவருடைய ஆட்சி, எண்ணெய் அரசியல், சாவாக் உளவுப்படை, புரட்சி ஆகியவற்றைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். என் கேள்வி அவற்றைப் பற்றியது அன்று. 1979 ஜனவரி 16 அன்று தெஹ்ரானிலிருந்து விமானம் ஏறியவர், 1980 ஜூலை 27 அன்று கெய்ரோவில் இறந்தார். இடைப்பட்ட பதினெட்டு மாதங்களில் எகிப்து, மொராக்கோ, பஹாமாஸ், மெக்சிகோ, அமெரிக்கா, பனாமா, மறுபடியும் எகிப்து என்று ஒரு நோயாளி அலைந்த அலைச்சலைத்தான் நான் புரிந்துகொள்ள விரும்புகிறேன்.

அவருடைய இறப்பைப் பற்றி இரண்டு விதமாக எழுதுகிறார்கள். நோய் முற்றிவிட்டது, யார் பார்த்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்கிறது ஒரு தரப்பு. பெயர்பெற்ற மருத்துவர்கள் தமக்குள் மல்லுக்கு நின்றதில் நோயாளி பலியானார் என்கிறது மற்றொன்று. இவற்றில் எது உண்மைக்கு அருகில் இருக்கிறது? நோயைப் பற்றி அவருடைய மனைவி மக்களுக்கு எப்போது, எவ்வளவு தெரிந்திருந்தது? மருத்துவம் அறிந்தவர்களும் அக்காலத்தைக் கூர்ந்து படித்தவர்களும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மருத்துவன் எழுதியது:

வணக்கம். இரத்த நோய்களைப் பார்க்கும் மருத்துவன் என்பதால் முதல் கேள்விக்கு மட்டும் விடை சொல்ல முயல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதை 1979இல் தொடங்கவில்லை. 1974இல், தம் இடது விலாவுக்குக் கீழே ஏதோ தடிப்பாகக் கையில் தட்டுப்படுவதை ஷாவே முதலில் கவனித்தார். அது வீங்கிய மண்ணீரல். அரண்மனை அமைச்சர் அசதொல்லா அலம் தம்முடைய இரத்த நோய்க்காகப் பாரிஸில் பேராசிரியர் ஜான் பெர்னாரிடம் ஏற்கெனவே சிகிச்சை பெற்று வந்தவர். அந்தத் தொடர்பைக் கொண்டு பெர்னாரும், அவருடன் பணியாற்றிய ஜார்ஜ் ஃபிளாந்த்ரனும் அந்த ஆண்டு மே மாதம் சந்தடியில்லாமல் தெஹ்ரானுக்கு வரவழைக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு ஃபிளாந்த்ரன் மட்டும் முப்பது தடவைக்கு மேல் யாருக்கும் தெரியாமல் வந்துபோயிருக்கிறார்.

அவர்கள் கண்டறிந்த நோய் வால்டன்ஸ்ட்ராம் நோய் எனப்படும் ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய். வெள்ளையணுக்களில் ஓரினம் கட்டுப்பாடின்றிப் பெருகி, ஒரே வகைப் புரதத்தை இரத்தத்தில் மிகையாகச் சேர்த்துவிடும். நிணநீர்க் கணுக்களும் மண்ணீரலும் வீங்கும். முற்றிலும் குணமாகாது என்றாலும் மெதுவாக நகரும் நோய் இது. முறையாகக் கண்காணித்தால் நோயாளி பல ஆண்டுகள் அன்றாட வேலைகளைக் குறைவின்றிச் செய்துவர முடியும். ஷாவும் அப்படித்தான் இருந்தார். குளோராம்புசில் என்ற புற்றுநோய் மாத்திரைகளுக்கு மண்ணீரல் நன்றாகவே சுருங்கியது.

ரகசியம் எப்படி வேலையைக் கெடுக்கும் என்பதற்கு இந்தக் கட்டத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மாத்திரையின் பெயரைப் பார்த்து யாரும் நோயை ஊகித்துவிடக் கூடாது என்பதற்காக, குளோராம்புசிலைக் குவினெர்சில் என்ற வேறொரு சாதாரண மருந்தின் பெட்டியில் வைத்திருந்தார்கள். கைவசம் இருப்பு குறையக் கூடாது என்று நினைத்த அந்தரங்கப் பணியாளர், பெட்டியில் எழுதியிருந்த பெயரை நம்பி, உண்மையான குவினெர்சிலையே வாங்கி வைத்துவிட்டார். மன்னர் அதையே வாரக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருந்தார். மண்ணீரல் மறுபடியும் பருக்கத் தொடங்கிய பிறகுதான் மருத்துவர்களுக்கு விஷயம் விளங்கியது. பணியாளர் மீது எந்தக் குற்றமும் இல்லை என்பதே என் கருத்து.

நாட்டைவிட்டு வெளியேறிய பிறகு நோயின் குணம் மாறியது. மெதுவாக நகரும் இவ்வகை நோய்கள் சிலருக்கு ஒரு கட்டத்தில் மூர்க்கமான நிணநீர்ப் புற்றுநோயாக உருமாறுவதுண்டு. 1979 வசந்தத்தில் பஹாமாஸில் இருந்தபோது கழுத்தில் கட்டி தென்பட்டது. ஃபிளாந்த்ரன் வந்து பார்த்து வலுவான மருந்துகளைத் தொடங்கினார். கோடையில் மெக்சிகோவின் குவெர்னவாகாவில் காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் வந்தன. மலேரியாவாக இருக்கலாம் என்று எண்ணி ஷாவின் உதவியாளர்கள் நியூயார்க்கிலிருந்து வெப்பமண்டல நோய் வல்லுநரான பெஞ்சமின் கீன் என்பவரை அழைத்தார்கள். ஐந்தாண்டுகளாகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை நடந்துவருவதை அவருக்கு முதலில் யாருமே சொல்லவில்லை. முந்தைய வரலாறு தெரியாமல் ஒரு நோயாளியைப் பார்ப்பது, நடுவில் பல பக்கங்கள் கிழிந்த கணக்குப் புத்தகத்தைத் தணிக்கை செய்வதைப் போன்றது.

அக்டோபர் 22 அன்று நியூயார்க் மருத்துவமனையில் சேர்த்தார்கள். 24 அன்று கற்கள் நிறைந்த பித்தப்பையை அகற்றினார்கள். மண்ணீரலை அப்படியே விட்டுவிட்டார்கள். பித்தநாளத்தில் ஒரு கல் தங்கிப்போனதால் அதை எடுக்கப் பின்னர் இன்னொரு முயற்சி தேவைப்பட்டது. கழுத்துக் கட்டிக்கான கதிர்வீச்சுக் கருவி தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்த புற்றுநோய் மருத்துவமனையில் இருந்ததால், பாதுகாப்புக் கருதி அவரைச் சுரங்கப் பாதை வழியாகத் தள்ளிச் சென்றார்கள். அவரை அமெரிக்கா ஏற்றதற்கு எதிராக நவம்பர் 4 அன்று தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்ட பிறகு, அவர் நோயாளி என்பதை எல்லோரும் மறந்துபோனார்கள்; டிசம்பர் 2 அன்று டெக்சாஸில் ஒரு விமானப்படைத் தளத்துக்கும், 15 அன்று பனாமாவின் கொந்தடோரா தீவுக்கும் கொண்டுசெல்லப்பட்டார்.

பனாமாவில் நிலைமை முற்றியது. பருத்த மண்ணீரல் இரத்த அணுக்களை அழித்துக்கொண்டே இருந்தது. அதை உடனே அகற்ற வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. யார் அகற்றுவது, எந்த மருத்துவமனையில் அகற்றுவது என்பதில்தான் சண்டை. அமெரிக்காவிலிருந்து வந்த மைக்கேல் டிபேக்கியை உள்ளூர் மருத்துவர்கள் ஏற்கவில்லை. மார்ச் 23 அன்று அறுவை சிகிச்சை இல்லாமலேயே ஷா கெய்ரோவுக்குப் புறப்பட்டார். 28 அன்று மாதி இராணுவ மருத்துவமனையில் அதே டிபேக்கியின் குழு மண்ணீரலை அகற்றியது. அதன் எடை ஏறத்தாழ 1,900 கிராம். சாதாரண மண்ணீரல் 150 முதல் 200 கிராம்தான் இருக்கும். டிபேக்கி உலகப் புகழ்பெற்ற இதய, இரத்தநாள அறுவை நிபுணர் என்பதையும், வயிற்று அறுவை அவருடைய முதன்மைத் துறை அன்று என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மண்ணீரலை ஒட்டியிருக்கும் கணையத்தின் வால்பகுதி அப்போது காயப்பட்டது. அங்கே கசிந்த நீர் சீழ்க்கட்டியாயிற்று. காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தும், ஜூன் 30 அன்றுதான் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஒருவர் வயிற்றைத் திறந்து ஒன்றரை லிட்டர் அளவுக்குச் சீழை வெளியேற்றினார். அதற்கு நான்கு வாரங்களுக்குள் உயிர் பிரிந்தது.

ஆகவே, உங்கள் இரு தரப்புகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. மார்ச்சில் எடுத்த திசுவில், நோய் கல்லீரலிலும் பரவியிருந்தது தெரிந்தது. எனவே அவர் நெடுநாள் வாழ்ந்திருப்பார் என்று சொல்லமாட்டேன். மிஞ்சியிருந்த மாதங்களை அவரிடமிருந்து பறித்தது அந்தச் சீழ்க்கட்டி. அதற்கும் முன்பு, நல்ல சிகிச்சைக்கான காலத்தைப் பறித்தது ரகசியம்.

நீலவானம் எழுதியது:

மருத்துவர் ஐயாவுக்கு நன்றி. குடும்பத்தைப் பற்றிய கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஷாவுக்கு மூன்று திருமணங்கள். எகிப்து மன்னர் ஃபாரூக்கின் தங்கை ஃபௌசியாவை 1939இல் மணந்தார். ஷாநாஸ் என்ற மகள் பிறந்தபின் 1948இல் அந்த மணம் முறிந்தது. 1951இல் மணந்த சொரயாவுக்குக் குழந்தையில்லை என்பதால் 1958இல் பிரிந்தார்கள். 1959 டிசம்பரில் கைப்பிடித்த ஃபரா திபாதான் இறுதிவரை உடனிருந்தவர். ரேசா, ஃபராநாஸ், அலி ரேசா, லைலா ஆகிய நால்வரும் இவர்களுடைய பிள்ளைகள்.

ஃபராவுக்கு நோயைப் பற்றித் தெரிந்தது 1977இல்தான். மூன்று ஆண்டுகள் கணவரின் மருத்துவர்கள் அரண்மனைக்குள் வந்துபோயும் மனைவிக்குச் சொல்லவில்லை. அவர்களே மனம் பொறுக்காமல் பாரிஸில் அவரைத் தனியாகச் சந்தித்துச் சொன்னார்கள். அதன்பின் நடந்தது இன்னும் கொடுமை: தமக்குத் தெரியும் என்பது கணவருக்குத் தெரியாதபடி அவர் நடந்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரே வீட்டில் நோயாளி மனைவியிடம் மறைக்கிறார், மனைவி நோயாளியிடம் மறைக்கிறார், மருத்துவர்கள் இருவருக்கும் நடுவில் தவிக்கிறார்கள். தம் மகன் படிப்பை முடித்துப் பொறுப்பேற்கப் பழகும்வரை, இன்னும் இரண்டு ஆண்டுகள் தம்மை நடமாட வைத்தால் போதும் என்று ஷா மருத்துவர்களிடம் கேட்டுக்கொண்டார் என்பதைப் பார்த்தால், நோயின் தன்மையை அவரும் உள்ளூர உணர்ந்திருந்தார் என்றே தோன்றுகிறது.

புரட்சியின்போது மூத்த மகன் டெக்சாஸில் போர்விமானப் பயிற்சியில் இருந்தார். இளைய மூவரும் பெற்றோர் கிளம்புவதற்குச் சற்று முன்பே அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார்கள். லைலாவுக்கு அப்போது எட்டு வயது. தந்தை ஒரு நாட்டில், பிள்ளைகள் வேறொரு நாட்டில் என்று கழிந்த அந்தக் காலத்தின் தழும்பு அவர்களைவிட்டு நீங்கவில்லை. லைலா 2001 ஜூனில் லண்டனில் ஒரு விடுதி அறையில் தூக்க மருந்தின் மிகையால் 31 வயதில் இறந்தார். அலி ரேசா 2011 ஜனவரியில் பாஸ்டனில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவருக்கு வயது 44. இவை எல்லாவற்றுக்கும் நாடிழந்ததே காரணம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனாலும் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த தாயின் கதையை அதிலிருந்து பிரித்தும் படிக்க முடியவில்லை.

இன்னொரு செய்தி. ஷாவின் உடல் கெய்ரோவில் அல் ரிஃபாய் பள்ளிவாசலில் அடக்கமாகியிருக்கிறது. அவருடைய தந்தை ரேசா ஷாவும் 1941இல் முடி துறக்க வைக்கப்பட்டு, மொரிஷியஸுக்கும் பிறகு ஜோகன்னஸ்பர்க்குக்கும் அனுப்பப்பட்டு, 1944இல் அங்கேயே இறந்தவர். அவருடைய உடலும் ஈரானுக்குக் கொண்டுவரப்படும்வரை இதே பள்ளிவாசலில்தான் வைக்கப்பட்டிருந்தது. நாடிழந்து ரோமில் இறந்த முன்னாள் மைத்துனர் ஃபாரூக்கின் கல்லறையும் அங்கேயே இருக்கிறது.

மறுவாசிப்பு எழுதியது:

இருவரும் ரகசியத்தை ஒரே அளவுகோலால் அளக்கிறீர்கள் என்பது என் குறை. 1974இல் பட்டத்து இளவரசருக்கு வயது பதின்மூன்று. 1967 முடிசூட்டு விழாவின்போது ஃபராவை அரசப் பிரதிநிதியாக அறிவித்திருந்தார்கள் என்றாலும், ஒரு பெண் நாட்டை ஆள்வதைப் படைத்தலைவர்களும் மதத் தலைவர்களும் ஏற்பார்களா என்பது யாருக்கும் நிச்சயமில்லை. முழு அதிகாரத்தையும் ஒரு மனிதரின் உடம்பில் கட்டிவைத்திருந்த அரசில், அந்த உடம்பின் நோய் வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்ற அச்சத்தில் நியாயம் இருந்தது. (அப்படிக் கட்டிவைத்தவரே அவர்தான் என்பதையும், அவருடைய சிறைகளில் வாடியவர்களுக்கு மருத்துவர் இருந்தாரா என்பதையும் இந்த இழையில் எவரேனும் ஒரு முறையாவது கேட்டிருக்க வேண்டும்.)

எனக்கு விளங்காதது 1979 ஜனவரிக்குப் பிந்திய மௌனம்தான். அரியணை போயிற்று, காப்பாற்ற எந்த அரசும் மிச்சமில்லை. அப்போதும் ஏன் மறைத்தார்கள்? வெளிப்படையாகச் சொல்லியிருந்தால், மொராக்கோவிலிருந்தே நேராக ஏதேனும் ஒரு நல்ல மருத்துவமனைக்குப் போயிருக்கலாம். ஒன்பது மாதங்கள் கழித்துத் திடீரென்று புற்றுநோய் என்று அறிவித்து நியூயார்க்கில் இறங்கியபோது, தெஹ்ரானில் அதைப் பெரும்பாலோர் நம்பவில்லை. 1953இல் அமெரிக்காவின் துணையோடு நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு அவர் கைக்கு அதிகாரத்தைத் திருப்பித் தந்ததைப் போல, அவரை மறுபடியும் அரியணையில் அமர்த்தச் செய்யும் சூழ்ச்சி என்றே எண்ணினார்கள். ஐந்தாண்டுகள் நோயை மறைத்தவரின் நோய், உண்மையைச் சொன்ன நாளில் பொய்யாகத் தோன்றியது.

ஏட்டுப்புழு எழுதியது:

மூவருக்கும் நன்றி. மறுவாசிப்பு அவர்கள் கேட்டதையே நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். மருத்துவர் ஐயா, இன்னும் ஒரு சிறு ஐயம்: தொடக்கத்திலிருந்தே எல்லாம் அறிந்த ஃபிளாந்த்ரனிடம் முழுப் பொறுப்பையும் விடாமல், ஏன் புதிய புதிய மருத்துவர்களிடம் போனார்கள்?

மருத்துவன் எழுதியது:

நாடுதான் காரணம். ஒவ்வொரு நாட்டிலும் விருந்தாளியாக இருந்தவர் அந்தந்த நாட்டின் விருப்பத்துக்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது. அமெரிக்காவுக்குள் நுழைந்தபின் சிகிச்சை அமெரிக்கர் கைக்குப் போயிற்று, பனாமாவிலோ அது பனாமா அரசின் தன்மானப் பிரச்சினையாயிற்று. மறுவாசிப்பு அவர்களின் மௌனம் பற்றிய கேள்விக்கும் இதில் பாதி விடை இருக்கிறது: தங்க இடம் கேட்டுப் போகிறவர், ‘சாகும் நிலையில் வருகிறேன்’ என்று சொல்லிக் கதவைத் தட்ட மாட்டார். எகிப்து அதிபர் அன்வர் சதாத் மட்டும் எதையும் பார்க்காமல் கதவைத் திறந்தார். கூப்பே மாளிகையையும் தங்கக் கொடுத்தார். பிரெஞ்சு மருத்துவர்களும் அங்கே அவரைப் பார்த்தார்கள். 1974இல் ஃபிளாந்த்ரன் சோதித்த அந்த வீங்கிய மண்ணீரல், கெய்ரோவில் அகற்றப்பட்டுவிட்டது. அது இருந்த இடத்தில் சீழ் கோத்திருந்தது.