எலி வேற, சுண்டெலி வேற: பிளைவுட் வாடையும் மூக்குப் புத்தும்

மாதவரம் மரக்கடை: நேத்து ஒரு மேதாவி இங்க எழுதிவச்சிருக்காரு, பிளைவுட்லேர்ந்து வர்ற ஃபார்மால்டிஹைடுங்கிற வாயு எலி மூக்குல புத்துநோய் வரவச்சுதாம், கடைக்காரங்க உஷாரா இருக்கணுமாம். இருபது வருஷமா கடை நடத்துறேன், என் மூக்கு அப்படியேதான் இருக்கு. எந்த எலி? அதைச் சொல்லச் சொல்லு.

வியாசர்பாடி வாத்தியார்: மேதாவி நான்தான். ஆய்வுக்கூடத்துல வளர்க்குற ஃபிஷர் 344ங்கிற ரக எலி, கூடவே சுண்டெலி. தினம் 6 மணி நேரம், வாரம் 5 நாள், 24 மாசம் மூச்சுல கொடுத்தாங்க. காத்துல பத்து லட்சத்துக்கு 14.3 பங்கு. 103 எலிக்கு மூக்குக்குள்ள புத்து. 5.6 பங்குல 2 எலிக்கு. 2 பங்குல ஒண்ணுக்கும் இல்ல. 1983ல வெளிவந்தது. படிச்சுட்டுப் பேசுங்க.

மாதவரம் மரக்கடை: சுண்டெலி கணக்கை ஏன் முழுங்கிட்டீங்க?

வியாசர்பாடி வாத்தியார்: 14.3ல 2.

மாதவரம் மரக்கடை: அடேங்கப்பா! அதே காத்து, எலிக்கு 103, சுண்டெலிக்கு 2. அண்ணன் தம்பிக்கே ஒத்துவரல, எனக்கு எப்படி வாத்யாரே ஒத்துவரும்?

வியாசர்பாடி வாத்தியார்: சுண்டெலி எரிச்சல் பட்டதும் மூச்சை ஏறக்குறைய பாதியா சுருக்கிக்கும். எலி அவ்வளவு சுருக்காது. சுண்டெலி மூக்கு 14.3ல வாங்கினது, எலி மூக்கு 5.6ல வாங்கினதுக்குக் கிட்டத்தட்ட சமம். அங்கயும் 2, இங்கயும் 2. கணக்கு எங்க இடிக்குது?

மாதவரம் மரக்கடை: நானும் சுருக்கிக்கிறேன். எலிக்கு மூக்கு விட்டா வேற வழியில்ல, எனக்கு வாய் இருக்கு.

காசிமேட்டு ராஜா: அது இருக்குறது ஊருக்கே தெரியும். மரக்கடைண்ணே, நண்டு வாங்கின 400 ரூபா எப்போ?

மாதவரம் மரக்கடை: பாதி கூடு காலி. அதுக்குக் காசு கிடையாது.

காசிமேட்டு ராஜா: வாத்தியாரும் ஒழுங்கு கிடையாது. 2018ல மீன்ல ஃபார்மலின், அதான் இந்த ஃபார்மால்டிஹைடு கரைச்ச தண்ணி, இருக்குன்னு கிளப்பிவிட்டாங்களே, அப்ப இவரும் கூட சேர்ந்து கத்தினாரு. வஞ்சிரத்தைத் தொட ஆளில்ல.

வியாசர்பாடி வாத்தியார்: அது தின்னுறது. இது மூச்சுல போறது.

காசிமேட்டு ராஜா: எனக்கு நஷ்டம் ஒண்ணுதான்.

தண்டையார்பேட்டை செல்வி: பொணம் அறுக்குற ஹால்ல ஒன்பது வருஷம் உதவியாளரா இருந்தேன். ஃபார்மலின் தொட்டியைத் திறந்தா கண்ணு கொட்டும். ஒரு ஃபேன் கேட்டதுக்கு, பொணத்துக்கு வேர்க்குதான்னு கேட்டாங்க. எலியை விடுங்க. 2004லயே உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனுஷனுக்குப் புத்து வரவைக்குறதுன்னு முதல் வகையில போட்டாச்சு. மூக்குக்குப் பின்னால, தொண்டை மேல்பக்கம்.

மாதவரம் மரக்கடை: அக்கா, உங்க மேல மரியாதை இருக்கு. ஆனா சுண்டெலிக்கு 2தானே?

வியாசர்பாடி வாத்தியார்: மறுபடியுமா! மேல படிங்க.

மாதவரம் மரக்கடை: படிச்சேன். 2ன்னுதான் போட்டிருக்கு.

எண்ணூர்க்காரன்: 2023 டிசம்பர் 26 ராத்திரி அம்மோனியா கசிஞ்சு ஊரே ரோட்டுல ஓடிச்சு. நாங்க எலியா சுண்டெலியான்னு ஒருத்தனும் கேக்கல.

வியாசர்பாடி வாத்தியார்: தம்பி, அது வேற வாயு. இங்க பேச்சு ஃபார்மால்டிஹைடு.

எண்ணூர்க்காரன்: மூக்கு ஒண்ணுதான சார்?

மாதவரம் மரக்கடை: பேச்சை மாத்தாதீங்கப்பா. 103 எங்க, 2 எங்க?

காசிமேட்டு ராஜா: 400 எங்க?