புதுப்பிப்பு: அப்பாவின் நடைத் தள்ளாட்டத்துக்குக் காரணம் கழுத்தில் இருந்தது

அப்பா கால்களை அகட்டி, தரையைப் பார்த்தபடியே நடப்பதாகவும், மூட்டுத் தேய்மானமே காரணம் என்று கூறப்பட்டதாகவும் முன்பு எழுதியிருந்தேன். கழுத்துப் பகுதியில் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், தேய்ந்து பிதுங்கிய ஜவ்வும் தடித்துப்போன இணைப்புநாரும் தண்டுவடத்தை நெருக்கியிருப்பது தெரிந்தது. பாதம் எங்கே இருக்கிறது என்ற உணர்வைத் தண்டுவடத்தின் பின்பகுதி வழியே மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்புகள் பாதிக்கப்பட்டதால்தான் நிற்கும்போது கண்ணை மூடியதும் அவர் சாய்ந்தார்; மூளையிலிருந்து கால்களுக்கு இறங்கும் இயக்க நரம்புப் பாதையும் நசுங்கியதால் கால்கள் விறைத்து, செருப்பின் முனை தரையில் உரசித் தேய்ந்துபோயிருந்தது. கழுத்தில் வலியே இல்லாததால் நாங்கள் அந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை. சட்டைப் பொத்தான் மாட்டத் தடுமாறியதையும் முதுமை என்றே எண்ணிவிட்டோம், அதுதான் இன்னும் உறுத்துகிறது. அறுவை சிகிச்சையின் முதல் நோக்கம் மேலும் மோசமாகாமல் தடுப்பதே என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அந்த அறுவை சிகிச்சை முடிந்து 6 வாரங்களுக்குப் பின், குதிகாலை மறுகாலின் விரல்நுனியோடு ஒட்டவைத்து, நேர்கோட்டில் 4 அடி வைக்கிறார்.