நிற்கும் பைக்குக்கு எந்த சார்ஜர்?

வணக்கம். என் பைக்கில் இருப்பது 12 வோல்ட், 9 ஏஎச் (ஆம்பியர்-அவர், அதாவது கொள்ளளவு) சீல்டு பேட்டரி. வண்டி மாதக்கணக்கில் நிற்கும். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 1 ஆம்பியர் சார்ஜர் போதும். கடையில் நீட்டும் 5 ஆம்பியர் கார் சார்ஜர் வேண்டவே வேண்டாம்: சூடேறி வால்வு வழியே வாயு போய்விட்டால், இதில் தண்ணீர் ஊற்றவும் வழியில்லை. சார்ஜர் 14.4 வோல்ட்டைத் தொட்டு, பேட்டரி நிறைந்ததும் 13.6 அளவில் தானாக ஃப்ளோட்டுக்கு (நிறைந்த பேட்டரியை இறங்காமல் வைத்திருக்கும் நிலை) மாற வேண்டும்.

சிக்கல் இதுதான். பேட்டரி ரொம்ப இறங்கிவிட்டால் பல ஸ்மார்ட் சார்ஜர்கள் அது மாட்டியிருப்பதையே கண்டுகொள்வதில்லை. 5, 6 வோல்ட்டிலிருந்தே ஏற்றத் தொடங்கும் மாடல் எது? பேட்டரியிலேயே நிரந்தரமாக மாட்டி வைக்கும், ஃப்யூஸ் வைத்த ரிங் டெர்மினல் வயரும் கூட வந்தால் நல்லது, ஒவ்வொரு முறையும் சீட்டைக் கழற்ற வேண்டாம். சல்பேஷன் (தகடுகளில் படியும் சல்பேட்) நீக்கும் மோடு இருந்தால் அது எத்தனை வோல்ட் வரை போகிறது? 15-ஐத் தாண்டினால் பேட்டரியை வண்டியிலிருந்து கழற்றித்தான் சார்ஜ் போட வேண்டும்.