அம்மம்மா வளவு (எங்கள் குடும்ப அரட்டைக் குழு): முட்டை வைத்த 17ஆம் நாள் இரவு

இரவு 11:38
சின்ன மாமா: மகள், முழிப்பா? முட்டை பொரிக்கிற இன்குபேட்டரின் மொனிட்டரில் வெள்ளை எழுத்தாகக் கொட்டிவிட்டு அப்படியே நிற்கிறது. கீபோட்டும் கேட்கவில்லை. பல்பைப் போட்டு அணைக்கிற அந்தச் சின்னக் கணினியை, றாஸ்பெரி பையை, ஒருக்கா நிப்பாட்டிப் போடவா?

11:39
நான்: வேண்டாம் மாமா, அதன் வயரில் கை வைக்காதீங்க. முதலில் பல்பின் பிளக்கைக் கழற்றுங்க. பெட்டிக்குள் எத்தனை டிகிரி?

11:41
மாமி: 39.6. பல்ப் எரிந்தபடியே இருந்தது மகள்.

11:42
நான்: மூடியைக் கொஞ்சம் திறந்து விடுங்க மாமி, 37.5க்கு இறங்கட்டும். கேர்னல், அதாவது பையை நடத்துகிற அடி நிரல், விழும்போது பல்பின் சுவிட்சான றிலே எந்த நிலையில் இருந்ததோ அதிலேயே நிற்கும். பல்ப் எரியும் நேரத்தில் விழுந்திருக்கிறது. அதை அணைக்கச் சொல்ல உள்ளே ஆளில்லை.

நான்: மாமா, இப்போது திரையைப் படம் எடுங்க. அணைத்தால் அந்த எழுத்து போய்விடும், மெமரி காட்டிலும் பதிந்திருக்காது. மேலே தெரிகிறது எல்லாம் வேண்டும்.

11:46
சின்ன மாமா: 3 படம் அனுப்பியிருக்கிறேன். கை நடுங்குது, தெளிவா?

11:47
நான்: நல்ல தெளிவு மாமா.

11:49
தம்பி: அக்கா, கடைசி வரியில் ‘கேர்னல் பானிக், அட்டெம்ப்டட் டு கில் இனிட்’ என்று இருக்கு. பையில் ஓடுகிற லினக்ஸ்தானே பிழை? திரும்ப இன்ஸ்டோல் பண்ணுவோமா?

11:55
நான்: அது செத்த செய்தி மட்டும்தான் தம்பி. ஏன் செத்தது என்பது மேலே இருக்கிறது, கீழிருந்து மேலே வாசி. எக்ஸிட்கோட் 0x00000007. 7ஆம் இலக்க சிக்னல், அதாவது பஸ் எரர், நிரல் தொட்ட நினைவிடம் கிடைக்காத பிழை. அதற்கு மேலே எம்எம்சி பிளொக் 0 ஐ/ஓ எரர் என்று நாலைந்து வரி, மெமரி காட்டை வாசிக்க முடியவில்லை என்று அர்த்தம். இன்னும் மேலே ‘அண்டர்வோல்டேஜ் டிடெக்டட்’. முதலில் வோல்டேஜ் விழுந்திருக்கிறது, அப்புறம் மெமரி காட் பதில் சொல்லவில்லை, காட்டிலிருந்து தன் நிரலின் ஒரு துண்டை எடுக்கப் போன இனிட் அங்கேயே விழுந்துவிட்டது. இனிட்தான் 1ஆம் இலக்க புரொசெஸ், கேர்னல் முதலில் எழுப்புகிற நிரல். அது இல்லாமல் கேர்னல் ஓடாது, வேண்டுமென்றே நின்றுவிடும்.

நான்: மாமா, இன்றைக்குப் புதிதாக என்ன கொழுவினீங்க?

11:57
சின்ன மாமா: ஒன்றும் இல்லையே.

11:58
மாமி: பின்னேரம் யூஎஸ்பியில் சின்ன ஃபேன் கொழுவினீங்கதானே! பெட்டியைப் பின் விறாந்தைக்கு மாற்றி, போன் சாஜருக்கு நீட்டு வயரும் போட்டீங்க.

11:59
சின்ன மாமா: அது ஃபேன்தானே, அதுவும் சேருமா?

இரவு 12:04
நான்: சேரும் மாமா. பை 3இல் வோல்டேஜ் 4.63க்குக் கீழே போனால் அந்த எச்சரிக்கை வரும். மெல்லிய நீட்டு வயர், அதில் ஃபேனும். ஃபேனைக் கழற்றிவிட்டு இப்போது பையை நிப்பாட்டிப் போடுங்க. எழும்பியதும் ‘விசிஜென்சிஎம்டி கெட்_த்ரொட்டில்ட்’ அடித்து, வருவதைச் சொல்லுங்க. வோல்டேஜ் குறைந்ததா என்று காட்டுகிற கட்டளை அது.

12:11
சின்ன மாமா: 0x50005

12:12
நான்: ஃபேன் இல்லாமலும் வோல்டேஜ் இப்போதே குறைவாக இருக்கிறது. ஆக வயரும் சாஜரும்தான். இந்த இரவு இதை நம்ப வேண்டாம். தெர்மோமீட்டரைப் பார்த்துப் பார்த்து பல்பைக் கையால் போட்டு அணைக்கலாமா?

12:13
மாமி: நான் 3 மணி வரை இருக்கிறேன், மறுகா மாமா இருக்கட்டும். 24 முட்டை மகள், 17 நாள் பார்த்தது.

12:15
தம்பி: நான் விடிய அக்கரைப்பற்றில் இருந்து வெளிக்கிட்டு, கல்முனையில் கடை திறக்கும் மட்டும் நின்று 5.1 வோல்ட் 2.5 அம்பியர் அடப்டர் வாங்கிக்கொண்டு களுவாஞ்சிக்குடிக்கு வாறன்.

12:16
நான்: புது மெமரி காட்டும் ஒன்று. இந்தக் காட்டில் பிழை விழுந்திருக்கலாம். நிரலைப் பிரதி எடுத்து மாற்று.

காலை 10:52
தம்பி: அடப்டரும் காட்டும் மாற்றியாச்சு. 0x0 வருது, வோல்டேஜில் குறை இல்லை!

10:58
நான்: இனி இரண்டு வேலை. கேர்னல் எழும்பும்போது வாசிக்கிற சிஎம்டிலைன் கோப்பில் இருக்கிற ஒரே வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு panic=10 போடு, பானிக் வந்தால் 10 விநாடியில் தானே றீபூட் ஆகும். இனிட்டாக ஓடுகிற சிஸ்டம்டியின் கொன்ஃப் கோப்பில் றன்டைம் வொட்ச்டோக்கை, அதாவது காவல் கவுன்டரை, 10 விநாடிக்கு வை. கேர்னல் ஒன்றும் சொல்லாமல் உறைந்து போனாலும் சிப்பின் கவுன்டர் அதை எழுப்பும். பையில் அதை 15 விநாடிக்கு மேல் வைக்க முடியாது.

நான்: மாமா, பல்ப் வயரில் ஒரு சாதாரண தெர்மோஸ்டற்றும் வைக்க வேண்டும், 38.5க்கு. மென்பொருள் செத்தாலும் அது வெட்டும். எனக்கு இதுதான் பெரிது.

11:20
தம்பி: போட்டாச்சு. சரியா என்று எப்படித் தெரியும்?

11:21
நான்: நாமே விழுத்திப் பார்ப்போம். முட்டைப் பெட்டியின் பல்பைக் கழற்றி, றிலேயில் வேறு பல்ப் கொழுவி எரியவிடு. றூட்டாக, அதாவது முழு அதிகாரத்தோடு, சிஸ்றிக்யூ டிறிகர் கோப்புக்கு c எழுது, அது கேர்னலை விழுத்தும்.

11:23
மாமி: வேண்டுமென்றே விழுத்துவதா? ஐயோ!

11:26
தம்பி: விழுந்தது. அதே வெள்ளை எழுத்து. பல்ப் எரிந்தபடி. 10 எண்ணினேன், பல்ப் அணைந்து பை திரும்ப எழும்புது!

11:31
சின்ன மாமா: பெட்டி பல்பைத் திரும்பக் கொழுவியாச்சு. 37.6இல் நிற்கிறது. மகள், முட்டையைத் திருப்புகிற மோட்டரை ஓட விடவா?

11:32
மாமி: இன்றைக்கு 18ஆம் நாள். இனித் திருப்பக் கூடாது.